சந்தோஷின் அப்பா கொடுமைக்காரரா?

அன்பு மகள் கயலுக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது தொலைக்காட்சியில் ஓடிய ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ படத்தை வைத்து நமக்குள் மூண்ட சண்டை, நீ புனேவுக்கு ரயில் ஏறிய பிறகும் எனக்குள் ஓயவில்லை. மகன் சந்தோஷுக்கு எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற, பிரகாஷ்ராஜ் நடித்த அந்த அப்பாவைக் கொடுமைக்காரர் என்றாய். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் மனிதரைப் போய் அப்படிச் சொல்வதா என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மா முறுக்குத் தட்டை நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிறு படத்தைத் தனியாக உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். 2008-இல் அது வந்தபோது நீ சின்னப் பெண். ஒருமுறை முட்டினால் கொம்பு முளைக்கும் என்று சந்தோஷ் காதலிக்கும் ஹாசினி சொன்னதைக் கேட்டு, வீடெல்லாம் என் தலையை இரண்டு இரண்டு தடவை முட்டிக்கொண்டு திரிந்தாய். அப்போதும் நான் அந்த அப்பா கட்சிதான். தெலுங்கு மூலமான ‘பொம்மரில்லு’விலும் அதே வேடம் பிரகாஷ்ராஜுக்குத்தானே? அதட்டாமலே அடங்க வைக்கும் முகம் அது.

இந்த முறை ஒன்று உறுத்தியது. ஒரு வாரம் சந்தோஷின் வீட்டில் தங்க வருகிறாள் ஹாசினி. யாரும் அவளைப் பட்டினி போடவில்லை, விரட்டவில்லை. ஆனாலும் அவளுடைய சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கிப்போய், இந்த வீடு எனக்கு ஆகாது என்று கிளம்பிவிடுகிறாள். வெளியிலிருந்து வந்தவளால் ஒரு வாரம் மூச்சுவிட முடியாத வீட்டில்தான் அந்தப் பையன் பிறந்து வளர்ந்திருக்கிறான். அப்பா எதிரில் தலையாட்டுவான். குடித்துவிட்டால் உலகத்து அப்பாக்களையெல்லாம் திட்டுவான். முன்பு அதற்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அதற்காக உன் தீர்ப்பை முழுதாக ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. அடித்து உதைக்கும் தகப்பனையும் இவரையும் ஒரே தராசில் வைத்தாய், அது நியாயமில்லை. மகன் வாய் திறந்து கொட்டியபோது இவர் நின்று கேட்டார். ஆனால் அந்த மனிதரைவிட எனக்கு இப்போது படத்தின்மேல்தான் கோபம். அத்தனை வருடக் கணக்கை ஒரே ஒரு பேச்சில் தீர்த்துவிடுகிறது. எந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு நடக்கிறது? பெரும்பாலான பிள்ளைகள் “சரிப்பா” என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விடுகிறார்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியலை நான்தான் வரிசைப்படுத்தினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் “சரிப்பா” என்றாய். உனக்கும் சம்மதம் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். வரலாறு படிக்க ஆசைப்பட்டாய் என்று போன வாரம் அம்மா சொல்லித்தான் தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். அந்தப் படத்து அம்மாவைப் போல இவளும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “நீங்கள் எப்போது கேட்டீர்கள்?” என்றாள்.

நீ படத்தைப் பற்றித்தான் பேசினாயா, என்னைப் பற்றியா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. சொல்லத் தோன்றினால் நீயே சொல்.

இன்னொன்று. சித்திரைக்கு உனக்குப் பச்சை நிறத்தில் ஒரு சுடிதார் துணி எடுத்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள், அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறாள் அம்மா. ரசீது பத்திரமாக இருக்கிறது. துணி நன்றாகத்தான் இருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா