ஏழு கிணற்றுக்கும் ஒரே சூடு கேட்காதீர்கள்

திருகோணமலையில் சிறுகதைத் தொகுதிகளைப் பரிசுக்கும் வெளியீட்டு உதவிக்கும் தெரிவு செய்யும் நடுவர்களுக்கு,

வணக்கம்.

நான் நகரத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிறேன், புரூப் பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கல்யாணக் கார்ட், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவருக்கான சடங்கில் கொடுக்கும் நினைவு மலர்), கவிதைப் புத்தகம் எல்லாம் என் கையால்தான் போகும். எழுதியவருக்கு அடுத்ததாக ஒரு புத்தகத்தை எழுத்தெழுத்தாக மூன்று தடவை வாசிப்பவள் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஓர் ஆசிரியை தன் முதல் தொகுதியைக் கொண்டுவந்து தந்தார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்ததை யூனிகோட்டுக்கு மாற்றிப் பிழை திருத்தவே ஒரு கிழமை போனது. பதினொரு கதை, 144 பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒன்றாக ஒன்பது ஃபாரம். அதில் ஒரு பேய்க்கதை இருந்தது. ஒரு துப்பறியும் கதை, ஒரு விஞ்ஞானக் கதை, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட காலையைப் பற்றிய வரலாற்றுக் கதை, கோட்டைக்குள் திரியும் மான்கள் இரவில் பேசிக்கொள்ளும் மாயக்கதை ஆகியனவும் இருந்தன. மிச்சம் ஆறும் வீடு, வேலை, காதல் என்று நாம் பழகிய யதார்த்தக் கதைகள்.

உதவி கேட்டு அனுப்பினார். நான்கு மாதம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. தொகுதியில் ஒருமை இல்லை, பேய்க்கதையும் துப்பறியும் கதையும் இலக்கியத் தொகுதிக்குப் பொருந்தா என்று ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். எந்த அமைப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். இதே காரணத்தை வேறு இடங்களில் வேறு ஆட்களுக்குச் சொன்னதையும் நான் அறிவேன்.

அந்தக் கடிதத்தோடு ஆசிரியை அச்சகத்துக்கு வந்தார். "அக்கா, அந்த அஞ்சையும் எடுத்துப் போடுங்கோ. மிச்சம் ஆறும் காணும்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நடுவர்களே, நீங்கள் பொருந்தாது என்று தள்ளிய பேய்க்கதை எதைப் பற்றியது என்று சொல்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னர் நாமெல்லாம் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையில்தான், கடந்தோம். கதையில் பாலம் வந்துவிட்டது, மேலே வாகனங்கள் ஓடுகின்றன. கீழே பழைய துறையில் ஒரு தாய் இரவிரவாகக் காத்திருக்கிறாள். நடுச்சாமத்தில் பாதை வரும். அக்கரை போய்ச் சேராமல் இறந்தவர்கள் ஒவ்வொருவராக நனைந்த உடுப்போடு இறங்குவார்கள். அவள் லாந்தரைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். மகன் இருக்கமாட்டான். பாதை திரும்பிப் போகும். மகன் அதில் வரவில்லை என்பதற்காக அவள் ஆறுதல்படுகிறாளா, உடைகிறாளா என்று கதை சொல்வதில்லை.

இந்த மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுடைய நிலையை யதார்த்தக் கதையாக எழுதினால், எழுதுகிறவர் எங்காவது ஓரிடத்தில் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டிவரும். அந்தத் தாய்க்கு அந்த முடிவு கிடைக்கவே இல்லையே. இறந்தவர்களின் வரிசையில் அவனைத் தேடவும் வேண்டும், அங்கே அவன் இருக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்க ஒரு பேய்ப்பாதை வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை அறிந்த எவருக்கும் அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது கை நடுங்கும். புரூப்பில் அந்தக் கதைக்கு மட்டும் நான் இரண்டு நாள் எடுத்தேன்.

துப்பறியும் கதையில் துப்பாக்கியும் இல்லை, கொலையும் இல்லை. காணிக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞர்தான் துப்பறிகிறார். 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வருடக்கணக்காக முகாமில் இருந்த ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது. அவர்களுடைய வளவுக்கு வேறொருவர் கையிலும் உறுதி (காணிப் பத்திரம்) இருக்கிறது. இரண்டிலும் முத்திரை சரி, கையொப்பம் சரி. கிழவர் இரண்டையும் வாங்கிப் போய் எல்லைகளை வாசிக்கிறார். வடக்கெல்லை, தெற்கெல்லை என்று வாசித்துக்கொண்டே வருகிறார். மற்றவருடைய உறுதி 1979இல் எழுதியதாக இருக்கிறது. அதில் மேற்கெல்லையாகச் சொல்லப்பட்ட கிணறு சுனாமிக்குப் பிறகு வெட்டியது. (முடிவைச் சொல்லிவிட்டேன், ஆசிரியை என்னை மன்னிக்க வேண்டும். சொல்லாமல் விளங்கப்படுத்த முடியவில்லை.) எங்களூரில் எத்தனை வீட்டில் உறுதி எரிந்தும் தொலைந்தும் போனது! காணிப் பிரச்சினையைச் சொல்வதற்குத் துப்பறியும் கதையை விடப் பொருத்தமான வடிவம் எது?

விஞ்ஞானக் கதை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. 2104இல் நடக்கிறது. கரையில் நிற்கும் எச்சரிக்கை இயந்திரத்துக்குக் காற்றின் வேகம் தெரியும், சோழகம், கொண்டல், கச்சான் என்று நம்மவர் காற்றுக்கு வைத்த பெயர்கள் தெரியாது. நல்ல எண்ணந்தான், விளக்கம் கூடிவிட்டது. அதை ஆசிரியையிடமே சொன்னேன். அப்படி ஒரு குறையைச் சுட்டித் திருப்பியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். தரத்தைப் பார்ப்பது உங்கள் கடமை. மலிந்த பேய்க்கதைகளுக்கும் நான் புரூப் பார்த்திருக்கிறேன், அதைவிட மலிந்த யதார்த்தக் கதைகளுக்கும் பார்த்திருக்கிறேன். வகை என்ன என்று கேட்டு நின்றுவிட்டால் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒருமை என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் தலையில் ஊற்றலாம், இன்னொன்றில் கை வைத்தவுடன் இழுத்துக்கொள்வோம். தாய் தகப்பனுக்கு அந்தியேட்டி செய்ய அங்கே போகிறவர்கள் ஏழிலும் அள்ளித்தான் குளிக்கிறார்கள். ஏழும் ஒரே மண்ணுக்குள் இருந்து வருகின்றன. இந்தத் தொகுதியின் பதினொரு கதைகளும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஒரே குடாக்கடல், ஒரே சந்தை, ஒரே பயங்கள். பாதைக் கதைக்கு அடுத்ததாக ஒரு சின்னக் காதல் கதையை ஆசிரியை வைத்திருந்தார். பக்கம் அமைக்கும்போதுதான் ஏனென்று விளங்கியது. வாசிக்கிறவர் அந்த இடத்தில் மூச்செடுக்க வேண்டும். அந்த ஐந்தையும் எடுத்தபிறகு மிச்ச ஆறும் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

பேய், துப்பறிதல், விஞ்ஞானம், வரலாறு என்று வரும் வகைக்கதை எங்களூருக்கு அந்நியம் என்று யாரும் சொல்லவும் முடியாது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. எழுதியவர் த. த. சரவணமுத்துப்பிள்ளை, திருகோணமலைக்காரர். தன் ஊரை விட்டு நாயக்கர் காலத்துக்குப் போய்க் கதை சொல்ல அவர் தயங்கவில்லை. 1956இல் கோணேசர் கோயில் நிற்கும் எங்களூர்ச் சுவாமிமலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். உலகமே வாசித்த விஞ்ஞானக் கதைகளை எழுதியவர். எங்கள் கடலுக்குள் அவருக்குக் கதை கிடைக்குமென்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காதா?

பிள்ளைகள் என்றதும் நினைவு வருகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள் போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு பொடியன், மேசையில் கிடந்த புரூப்பை எடுத்து நின்றபடியே பாதைக் கதையை முழுதாக வாசித்தான். இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். அவன் கொப்பிக்குக் காசு தர மறந்து போய், திரும்பி வந்து தந்துவிட்டு, "மகன் கடைசி வரைக்கும் வரவே மாட்டானா, அக்கா?" என்று கேட்டான். வெளியீட்டு விழாவில் நயவுரை கேட்கும் பெரியவர்களுக்காக மட்டும் புத்தகம் போடக்கூடாது. 2022இல் கடதாசி தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து சொந்தக் காசில் புத்தகம் போடுவது ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாத வேலை. நீங்கள் கை கொடுக்காவிட்டால் அந்தப் பொடியனுடைய கைக்கு இந்தக் கதை போய்ச் சேராது.

ஆகவே கேட்கிறேன். உங்கள் விண்ணப்ப விதிகளில் வகையைக் காட்டித் தள்ளும் வழக்கத்தை நீக்குங்கள். தள்ளத்தான் வேண்டுமென்றால் எந்தக் கதை, எந்த இடத்தில், ஏன் தவறியது என்று அரைப் பக்கமாவது எழுதி அனுப்புங்கள். வருடக்கணக்காக உழைத்தவருக்கு ஒரு வரி போதாது. இந்தத் தொகுதியை இன்னொரு தடவை, முதலில் இருந்து கடைசி வரை, அது வைக்கப்பட்ட ஒழுங்கிலேயே வாசியுங்கள்.

ஆறு கதைப் பிரதி அச்சுக்குத் தயாராக இருக்கிறது. பதினொரு கதைப் பிரதியையும் நான் அழிக்கவில்லை. இந்த மடலை எழுதவும், கேட்பவருக்குப் பிரதி எடுத்துத் தரவும் ஆசிரியையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். உங்களில் ஒருவர் கேட்டாலும் போதும், அன்றைக்கே எடுத்துத் தருகிறேன். பாதைக் கதை 23ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
அச்சகத்தில் புரூப் பார்ப்பவள்,
திருகோணமலை.