செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தில் கொடியேற்றினோம். மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. தெருவிளக்கு பற்றி இரண்டு மனுக்கள் கொடுத்தோம். ஒன்றுக்கு வேலை முடிந்திருக்கிறது.

அடுத்து நம் தெருக்களில் உள்ள கண்காணிப்பு கேமரா விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும். ‘பணம் வாங்கினார்கள், தேவைப்பட்டபோது படம் இல்லை’ என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

ஆடி மாதம் மூன்றாம் குறுக்குத் தெருவில் பைக் திருடு போன இரவு எட்டு கேமராவும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் விசாரணைக்கு வந்த காவலர் முன்னால் போட்டுப் பார்த்தபோது படம் திக்கித் திக்கி நகர்ந்தது. முக்கியமான நாலு நிமிடம் திறக்கவே இல்லை. எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. பழுது பார்க்க வந்தவர் கேமராக்களையே மாற்றச் சொன்னார். நான் ஒப்பவில்லை. பதிவை நிறுத்திவிட்டு, அந்தக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டினேன். திக்கல் போய்விட்டது. கோளாறு ஹார்டு டிஸ்க்கில்தான் என்பது அப்போது புரிந்தது.

நம்மிடம் இருப்பது தனி டிவிஆர், அதாவது கேமரா படத்தைப் பதிவதற்கென்றே உள்ள பெட்டி அல்ல. முன்பு சிக்கனத்துக்காக அமைத்த பழைய கம்ப்யூட்டர். பல டிவிஆர்கள் ஃபார்மட் செய்யும்போதே சம அளவுக் கோப்புகளாக இடம் ஒதுக்கி, சுற்றிச் சுற்றி அவற்றின் மேலேயே எழுதும். நம் கம்ப்யூட்டரில் அந்த ஏற்பாடு இல்லை. ஒரே நோட்டில் எட்டுப் பேர் மாறி மாறி இரண்டிரண்டு வரி எழுதினால் ஒருவருடைய கதை நோட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் அல்லவா, அதே நிலைதான். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு அழிந்து, அந்தத் துண்டு இடங்களில் புதுப் பதிவு போய் உட்காரும். எழுதவும் படிக்கவும் டிஸ்க்கின் ஹெட், அதாவது அதில் எழுதிப் படிக்கும் முனை, ஓயாமல் அலையும்.

டிஃபிராக் செய்தால் போதாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். துண்டுகளைச் சேர்த்து அடுக்கக் காலி இடம் வேண்டும். நம் டிஸ்க்கில் அது இல்லை. 24 மணி நேரமும் எழுதும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் சுமைதான் கூடும். அப்புறம், அந்த நாலு நிமிடம் போனதற்குச் சிதறல் காரணமல்ல. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். டிஸ்க் 31,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது மூன்றரை வருடம் ஓடியிருந்தது. படிக்க முடியாத செக்டார்களும், அதாவது பதிவைத் தாங்கும் சிறு பகுதிகளும், இருந்தன. அது வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சாதாரண 1 டிபி டிஸ்க்.

கண்காணிப்புப் பதிவுக்கென்றே தயாரிக்கப்படும் 4 டிபி டிஸ்க் வாங்கினோம். விண்டோஸைத் தனி டிஸ்க்குக்கு மாற்றினேன். 15 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கும்படி அமைத்தேன். விநாடிக்கு 2 மெகாபிட் கணக்கில் ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, எட்டுக்கும் சுமார் 173 ஜிபி. முன்பு ஆறு நாள்கூடத் தங்காத பதிவு இப்போது 19 நாள் தங்குகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு தூசி தட்டி, கடிகாரம் சரிபார்த்து, ஸ்மார்ட் அறிக்கை பார்த்து, பத்து நாள் பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவாகிறது என்று நாம் எல்லோரும் நம்பிவிட்டோம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

செயற்குழுவில் ஒன்பது பேர். இந்த ஞாயிறுகளில் உடன் வந்தவர் ஒருவர் மட்டுமே. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சந்தாவும் பாதி வீடுகளில் பாக்கி. டிஸ்க்குக்கான தொகையைப் பொருளாளரும் நானும் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறோம்.

வரவு செலவு பெரும்பாலும் சமமாக வந்திருக்கிறது. சிறு இருப்பு வங்கியில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவர், பொருளாளர், இரவுக் காவலர், கம்ப்யூட்டருக்கு அறை தந்த வீட்டார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போகலாம். எனக்கு இந்த வேலையில் சலிப்பு இல்லை. ஆனால் நான் ஊரில் இல்லாத மாதம் யார் பார்ப்பது? கற்றுக்கொள்ள இரண்டு பேர் முன்வந்தால் ஒரே ஞாயிறில் சொல்லித் தந்துவிடுவேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கத்து மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்