கானாவின் முதல் நோட்டுகளை வாங்குமுன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"நிக்ருமா படம் போட்ட முதல் கானா நோட்டு இருக்கிறதா?" என்று பலர் கேட்கிறீர்கள். அப்படி ஒரு நோட்டு கிடையாது. கானா 1957 மார்ச் 6 அன்று நிக்ருமாவின் தலைமையில் விடுதலை பெற்றது. மேற்கு ஆப்பிரிக்கப் பவுண்டுக்குப் பதிலாக அதன் சொந்த நோட்டுகள் 1958 ஜூலை 14 அன்று வந்தன. அவற்றின் முகப்பில் இருப்பது தலைநகர் அக்ராவிலுள்ள, நாட்டின் மத்திய வங்கியான கானா வங்கியின் கட்டடம். நிக்ருமாவின் முகம் அப்போது நாணயங்களில்தான் இடம்பெற்றது.

10 ஷில்லிங் பச்சை, பின்புறம் நட்சத்திரம். 1 பவுண்டு செம்பழுப்பு. பின்னால் இரு குவியலாகக் கொக்கோக் காய்கள். 5 பவுண்டில் ஊதாவும் ஆரஞ்சும் கலந்திருக்கும். அதன் பின்புறம் சரக்குக் கப்பலும் நீரில் மிதக்கும் மரங்களும். எங்கள் கண்ணுக்கு இந்த வரிசையில் மிக அழகானது இதுதான். 1000 பவுண்டு நோட்டு, வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்க அச்சிட்டது.

வாங்கும்போது முதலில் தேதியைப் படியுங்கள். 1.7.1958 என்ற தேதியும் கானா வங்கியின் முதல் ஆளுநர் எகிள்ஸ்டனின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் அது முதல் அச்சு. 1961, 1962 தேதியிட்டவையும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அவற்றை 'முதல் வெளியீடு' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நிக்ருமா படம்தான் வேண்டுமென்றால் 1965 ஜூலையில் பவுண்டுக்குப் பதிலாக வந்த 'செடி' (cedi) என்ற நாணயத்தின் நோட்டைக் கேளுங்கள். பழைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு செடி 100 பென்னி, அதாவது 8 ஷில்லிங் 4 பென்னி. ஒரு பவுண்டுக்கு 2.40 செடி. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. ஓராண்டில், 1.20 பழைய செடிக்கு ஒரு புதிய செடி என்ற கணக்கில், அவர் படமில்லாத நோட்டுகள் வந்துவிட்டன. படமுள்ள செடியின் ஆயுள் இரண்டு ஆண்டுகூட இல்லை.

தரத்தில் ஏமாறுவது பெரும்பாலும் இஸ்திரி போட்ட நோட்டில்தான். இருட்டறையில் டார்ச்சை நோட்டின் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். அழுத்தி மறைத்த மடிப்பு கோடாகத் தெரியும். சோப்புத் தூளில் கழுவியிருந்தால், அதிலுள்ள வெளுப்பூட்டி புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். பழைய தாள் இயல்பாக மங்கலாகவே இருக்கும்.

பிவிசி உறை வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் கசிந்து தாளில் பிசுபிசுப்பாக ஒட்டும். பிறகு எடுக்க வராது. பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். குண்டூசித் துளை, கிழிசல் எதையும் செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள்.

ஆர்டர் தரும்போது மதிப்பு, தேதி, கையெழுத்து மூன்றையும் எழுதுங்கள். இருபுறப் படங்களோடு, பக்கவாட்டு ஒளியில் எடுத்த படமும் அனுப்பி, நீங்கள் சரி சொன்ன பிறகே பணம் பெறுவோம்.