அந்த “ஒரு காலத்தில்” எந்தக் காலம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகை எனக்குத் தபாலில் வருவதில்லை. சென்னையில் இருக்கும் அத்தை மகன் வாங்கி வைத்து, யாராவது இந்தப் பக்கம் விமானம் ஏறும்போது அவர்கள் பெட்டியில் செருகிவிடுவான். அதனால் ரங்கூனின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையை இரண்டு மாதம் கழித்துத்தான் படித்தேன். தாமதமாகக் கோபப்படுவதற்கு மன்னிக்க வேண்டும்.

காளி கோயிலுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே வரி: “ஒரு காலத்தில் தமிழர்கள் வாழ்ந்த பகுதியில் உள்ள வண்ணமயமான கோயில்.” வண்ணமயம், சரி. அந்தப் பெயின்ட்டுக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களில் அடியேனும் ஒருவன். அது என்ன “ஒரு காலத்தில்”? கட்டுரையோடு போட்டிருக்கும் படத்தை எடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் பச்சைச் சேலை, கையில் அர்ச்சனைத் தட்டு, தலை இல்லை. அது எங்கள் சம்பந்தியம்மா. நீங்கள் தலையை வெட்டினாலும் தட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டோம்; விளிம்பு நெளிந்த பித்தளைத் தட்டு, அவர்கள் மாமியார் வைத்திருந்தது. தமிழர்கள் எங்கே போனார்கள் என்று கட்டுரையாளருக்குச் சந்தேகம் வந்திருந்தால் அவரையே கேட்டிருக்கலாம். அவருக்கு இரண்டடி தள்ளித்தானே நின்றிருக்கிறார்.

அடுத்தது, மொகல் தெருதான் இன்றைய அனோரதா சாலை என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. அனோரதா சாலை பழைய பிரேசர் தெரு. மொகல் தெரு இப்போது ஷ்வே பொந்தா தெரு. டல்ஹவுசி தெரு மகா பண்டுலா சாலை. சூலே பகோடாவை நடுவில் வைத்து, 1850-களில் வெள்ளைக்காரன் அடிமட்டம் போட்டுக் கோடு கிழித்தாற்போல் வெட்டிய தெருக்கள் இவை. குறுக்குச் சந்துக்கெல்லாம் எண்தான். இந்த ஊரில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

மொகல் தெரு என்றால் எனக்கு வெறும் பெயர்ப்பலகை இல்லை. என் தகப்பனார் பன்னிரண்டு வயதில் அங்கே ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக் கடையில், கல்லாப் பெட்டியண்டை எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கணக்குப் பேரேட்டை வேட்டியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாராம். ஊரே அஸ்ஸாம் பக்கம் நடந்தது. அவர் பெகு பக்கத்துக் கிராமத்தில் ஒரு பர்மியக் குடும்பத்து நெல் கொட்டகையில் இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்ததும் திரும்பி வந்தார். 1931 கணக்கெடுப்பில் இந்த நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அப்புறம் 1964. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாது என்றார்கள். அம்மா அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்ததெல்லாம் காகிதமாயிற்று. அந்த வருஷம்தான் அத்தை குடும்பம் கப்பல் ஏறியது. துறைமுகத்தில் சோதனை போட்டு, காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு அத்தை எங்களைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. மாமா சென்னை பர்மா பஜாரில் கடை போட்டார். நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். போனவர்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நல்லது. இருந்தவர்களுக்கு “ஒரு காலத்தில்”.

இங்கே மட்டும் எங்களுக்குச் சிவப்புக் கம்பளமா விரித்திருக்கிறார்கள்? 1982-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. முழுக் குடிமகன் என்றால் முன்னோர் 1823-க்கு முன்னாலேயே இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில், பாட்டனாருக்கும் பாட்டனாரின் காகிதம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். காளி கோயிலையே நம்மவர்கள் கட்டியது 1871-ல்தான். அம்மனே மனுப் போட்டாலும் தேறாது. இங்கே “நீ வந்தவன்” என்கிறார்கள், அங்கே “நீ போய்விட்டவன்” என்கிறீர்கள். நடுவில் நான் தினமும் அதே பிரேசர் தெருவில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ராண்ட் ஹோட்டலுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். 1901-ல் சார்க்கீஸ் சகோதரர்கள் திறந்தது, அங்கே டீ எப்படி வந்தது, கோப்பையில் என்ன பூ. இருக்கட்டும், நல்ல கட்டடம்தான். நான் வெளியிலிருந்து எழுபது வருஷமாகப் பார்த்துவருகிறேன். ஆனால் போ சுன் பாட் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய சோழியா பள்ளிவாசலுக்கு அரை வரி கிடைக்கவில்லையே. கடைசியில் ஒரு புகார் வேறு: இந்த ஊர் அத்தோ நூடுல்ஸ், சென்னை பர்மா பஜார் அத்தோ மாதிரி இல்லையாம்! பர்மியில் ‘அதோக்’ என்றால் பிசைந்தது, அவ்வளவுதான். கௌசுவே தோக், அதாவது பிசைந்த நூடுல்ஸ், என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு, தகப்பனுக்கு இவன் ஜாடை இல்லை என்று குறை சொல்வதுபோல் இருக்கிறது. எங்கள் மீன் குழம்பு நூடுல்ஸான மொகிங்காவைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி பத்திரிகையை மூடிவைத்துவிட்டாள்.

மொகல் தெரு எது என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட முடிந்தால் போடுங்கள். இடமில்லை என்றால் விடுங்கள். போன முறை நான் எழுதிய கடிதத்துக்கும் இடமில்லாமல்தான் போயிற்று. இன்னொன்று. அந்தக் காளி கோயில் படத்தின் வெட்டாத பிரதி தங்கள் அலுவலகத்தில் இருந்தால் தயவுசெய்து ஒன்று வேண்டும். சம்பந்தியம்மா தன் முகம் அதில் எப்படி விழுந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தபாலில் அனுப்ப வேண்டாம், வந்து சேராது. அத்தை மகன் நேரில் வந்து வாங்கிக்கொள்வான்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகன்,
ரங்கூன் (தங்கள் கட்டுரைப்படி, ஒரு காலத்தில்)