மூலையில் ஒரு கோடு போடுங்கள்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் அவ்வப்போது நுண்ணோக்கிப் படங்கள் வருகின்றன. நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் 'ஆயிரம் மடங்கு பெரிதாக்கப்பட்டது' என்று மட்டும் போடுவதில் பயனில்லை. படத்தை அச்சில் சுருக்கினாலோ கைபேசியில் விரித்தாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். மூலையில் சின்னக் கோடு, அது பொருளில் எவ்வளவு நீளத்தைக் குறிக்கிறது என்று அதன்மேல் '50 மைக்ரான்' (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று இருந்தால் போதும். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், விரியும்.

நிறம் இன்னொரு சிக்கல். ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி தருவது கறுப்பு வெள்ளைப் படம்தான். வைரஸின் சிவப்பும் மகரந்தத்தின் மஞ்சளும் பிறகு கணினியில் பூசியவை. பூசுவது தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் இறக்கையை ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள்: ஓடு வேய்ந்ததுபோல வரிசையாகச் செதில்கள், மின்னும் நீலம். அதில் நீலச் சாயமே கிடையாது. செதிலின் நுண்ணிய வரிகளில் ஒளி பட்டு மீள்வதால் வரும் நிறம். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் பச்சையாகிவிடும், உலர்ந்ததும் மறுபடி நீலம்! பூசிய நிறத்தையும் இதையும் விளக்கமின்றி ஒரே பக்கத்தில் போட்டால் வாசகர் எதை நம்புவார்?

அப்புறம், எறும்பின் கண் முதல் உணர்கொம்பு வரை பளிச்சென்று தெரியும் படங்கள் பெரும்பாலும் ஒரே சொடுக்கில் எடுத்தவை அல்ல. ஒரு நேரத்தில் மெல்லிய ஓர் அடுக்குதான் தெளிவாக விழும்; ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கிறார்கள். அதையும் ஒரு வரியில் சொல்லலாமே.

– ஒரு வாசகர்