ஞாயிறு காலை பழவேற்காடு ஏரிக்குப் போகிறோம்

நண்பர்களே, ஞாயிறு காலை 5 மணிக்கு ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் கூடுவோம். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவிலேயே ஓடுவதால் ரோட்டோரம் நின்றே பூநாரைகளை (ஃபிளமிங்கோ) படம் எடுக்கலாம், படகு வேண்டாம். போன முறை ஒருவர் பறக்கும் படத்துக்காகக் கை தட்டிக் கூட்டத்தைக் கிளப்பினார், எனக்கு மனசே ஆறவில்லை. அவை சும்மா எழும்புவதில்லை, தண்ணீரில் பத்திருபது அடி ஓடித்தான் எழும்பும், அதற்கு எவ்வளவு தெம்பு செலவாகும்! மேய்கிற பறவை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசும். எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நிமிர்த்தி விலகி நடக்க ஆரம்பித்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், நின்றுவிடுங்கள்.

அலகையும் கவனியுங்கள். ரோஸ் நிறத்தில் நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் பெரிய பூநாரை, முழுக்கக் கருஞ்சிவப்பு என்றால் சின்னது. கென்யாவில் போகோரியா ஏரிக்கரையில் நான் எடுத்தவை பெரும்பாலும் சின்னவைதான், படங்களை இரவு போடுகிறேன். வெள்ளை இறகு வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

அப்புறம் நேலபட்டு பறவைகள் சரணாலயம் போகிறோம், நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா (பெலிக்கன்) கூடுகள் பார்க்க. அங்கே டிரோன் கூடவே கூடாது. வருபவர்கள் சனி மதியத்துக்குள் சொல்லுங்கள்.