2025–26 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கலுக்கு மும்பை தாராவி தொண்ணூறடிச் சாலையில் நம் தெருச் சார்பில் 42 பானைகள் வைத்தோம். ஜூலை மழையில் படிப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பழைய நாளிதழ்க் கட்டுகள் போயின, புத்தகங்கள் தப்பின. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். சந்தா பாக்கி யார் யாரென்று அவரவருக்கே தெரியும், பெயர் வாசிக்கவில்லை.

இந்த வருடம் செயற்குழுவை அதிகம் பேச வைத்தது நம் படிப்பகக் கணினி அறைதான். இருப்பது ஐந்து. பகலில் படிப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும். மாலை ஏழு முதல் ஒன்பது வரை விளையாட்டுக்கு. ‘கேம் திக்குது, தொங்குது, புது கிராபிக்ஸ் கார்டு வேணும்’ என்று ஜூன் மாதம் பையன்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். லாமிங்டன் ரோடு கணினிக் கடைகளில் விசாரித்தால் ஐந்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணாச்சி மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன், மறைப்பதற்கில்லை. ஒரே அழுத்தலில் கணினி பறக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி, ஒரு இலவச புரோகிராமை ஒன்றாம் எண் கணினியில் ஏற்றினேன். சந்தாக் கணக்கு இருப்பதும் அதில்தான். பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில், அது தேவையில்லாதது என்று நினைத்ததையெல்லாம் நிறுத்திவிட்டது. மறுநாள் ரசீது பிரிண்ட் ஆகவில்லை. மெமரி நிரம்பும்போது டிஸ்கில் இடம் கொடுக்கும் பேஜ் ஃபைலையும் அணைத்திருந்ததால், கேம் பாதியில் ‘மெமரி போதவில்லை’ என்று மூடிக்கொண்டது. வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டரும் அணைந்து கிடந்தது.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணாச்சியின் மகள் வந்து பார்த்தாள். “ரீஸ்டோர் பாயிண்ட் வச்சீங்களா மாமா?” என்றாள். அது எந்த லைன் ஸ்டேஷன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் அந்தப் பாயிண்ட் இல்லாததால் விண்டோஸைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. சந்தா நோட்டு கையால் எழுதியதும் இருந்ததால் பிழைத்தோம்.

அந்தச் சாக்கில் மற்ற நாலையும் பார்க்கச் சொன்னோம். அவள் முதலில் செய்தது, மவுஸை வட்டமாகச் சுற்றி அம்புக்குறியைப் பார்த்ததுதான். அம்பு விட்டு விட்டுத் தாவியது. நாம் வாங்கியது நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்; ஓடிக்கொண்டிருந்தது 60இல். அதாவது 7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை மாற வேண்டிய படம் 16.7க்கு ஒரு முறைதான் மாறியிருக்கிறது. செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போனால் மாற்றலாம். ஆனால் இரண்டு கணினிகளில் 144 என்ற எண்ணே பட்டியலில் வரவில்லை. பின்னால் திருப்பிப் பார்த்தால், மானிட்டர் வயரை, கேம் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருக்கிறோம்! கார்டு எட்டு மாதமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. வயரை மாற்றிய நிமிடமே பையன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ரேம், அதாவது கணினியின் தற்காலிக மெமரி. இரண்டு 8 ஜிபி துண்டுகள், இருக்கும் நாலு இடத்தில் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று விட்டு ஒன்றாக, இரண்டிலும் நாலிலும் வைத்தால்தான் இரண்டு பாதையிலும் டேட்டா போகுமாம். செலவு இல்லை. பவர் பிளானில் அந்த நாலுமே ‘பவர் சேவர்’. கரண்ட் பில்லுக்காக அப்படி வைத்தது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேடையில்தான் இருக்கிறார். ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ போடச் சொல்லிப் பையன்கள் நச்சரித்தார்கள். ‘பேலன்ஸ்டு’ போதும், விளையாடும்போது பிராசசர் தானே வேகமெடுக்கும் என்று அந்தப் பெண் மறுத்துவிட்டாள். ஸ்டார்ட்அப்பில் தானாகத் திறக்கும் ஒன்பது புரோகிராம்களை ஏழாகக் குறைத்தாள்... இல்லை, ஏழை எடுத்துவிட்டு இரண்டை வைத்தாள். குறிப்பில் தப்பாக எழுதியிருக்கிறேன். கேமுக்கு முன்னுரிமை கொடுக்கும் கேம் மோட் ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது.

பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்டு, அந்த விஷயம் எனக்கே வேடிக்கை. பையன்கள் விளையாடும் வேலோரண்ட் கேமின் சர்வர் மும்பையிலேயே இருக்கிறது. நமக்குக் காட்டியது 80, 90. வைஃபை பெட்டி இரண்டு சுவருக்கு அப்பால் இருந்ததுதான் காரணம். லேன் கேபிள் இழுத்ததும் பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. நம் கணினிகள் விண்டோஸ் 11 ஏற்காது, புதிதாக வாங்குங்கள் என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி நம் பிராசசருக்குள்ளேயே இருந்தது, கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதையும், நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்தோம். விண்டோஸ் 11இல் அவை இல்லாமல் வேலோரண்ட் திறக்காது என்பதால் பையன்கள் இந்த வேலைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தகராறு. ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பை அணைத்தால் நொடிக்கு வரும் ஃபிரேம், அதாவது படங்கள், இன்னும் கொஞ்சம் கூடும். விளையாடும்போது அணைத்து, முடிந்ததும் திரும்பப் போடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆனால் இங்கே யார் திரும்பப் போடுவார்கள்? ஊரார் பென்டிரைவ் எல்லாம் வந்துபோகும் இடம். ஆனிலேயே இருக்கட்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. இரண்டு பையன்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

குயவர் குடியிருப்பான கும்பார்வாடா சூளைப் புகையும் தெருத் தூசியும் சேர்ந்து ஃபேன்களில் கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. துடைத்ததும் விளையாடும்போது 92 டிகிரி காட்டிய பிராசசர் 71க்கு இறங்கியது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைக்க முறை வைத்திருக்கிறோம். பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது.

கேபிள், பிரஷ், பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய். மூன்றாம் எண் கணினியின் ஃபேன் மட்டும் இன்னும் கரகரக்கிறது. அதை மாற்ற 600 ரூபாய்க்குப் பொதுக்குழுவின் அனுமதி கேட்கிறேன். வரவு செலவை அண்ணாச்சி வாசிப்பார்.